பொறுப்பேற்கும் பொறி

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுவது கண்டு வாசகருட் சிலர் புன்னகை செய்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தற்கென்று ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றவன் யான். பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், எமது கல்லூரியில் நேர்ந்த ஒரு நட்டம் இவ்விடயத்தை யான் தேடிக் கற்குமாறு செய்தது. கற்றதனைப் பிறர்க்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தல் ஆசிரியன் கடமையாதலின், மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதனையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நேர்ந்தது இது. விழாவை முன்னிட்டுக் கல்லூரியின் பழைய சேர்விடாப்புகளைக் கணினியிற் பதியும் பணியைத் தொடங்கினோம். பழைய மாணவர் சங்கத்தார் இரண்டு கணினிகளை உதவினர். ஒன்றிற் பதிவு நடைபெறும். மற்றொன்று ஒவ்வோர் இரவும் அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கின்றதே என்று யாவரும் கவலையற்றிருந்தோம். ஐப்பசி மழைக்காலத்தில் ஓரிரவு முதற் கணினியின் வட்டுப் பழுதாயிற்று. மறுநாட் காலை இரண்டாவதை இயக்கினோம். அது குறையின்றி இயங்கிற்று. ஆனால், அதிலிருந்த இறுதிப் பதிவு நான்கு மாதங்களுக்கு முந்தியது. ஆனி மாதத்திற் கடவுச்சொல் மாற்றப்பட்ட நாளிலிருந்து பிரதியெடுத்தல் நின்றுபோயிருந்தது. அதனை எம்முள் ஒருவரேனும் கவனித்திலோம்.

இடாப்புகள் தாளில் இருந்தமையாற் பெயர்களை மீளப் பதிந்துகொண்டோம். ஆயின், முதிய பழைய மாணவர் ஒருவர் பல மாலைகளில் தொலைபேசியிற் சொல்லிய குறிப்புக்கள் (இன்னார் இன்னாருடைய தமையன், இன்னார் பின்னாளில் இன்ன ஊரிற் படிப்பித்தார் என்பன) தாளில் எங்கும் இல்லை. கணினி ஒன்றிலேயே அவை இருந்தன. அவரிடம் மீண்டும் கேட்டு எழுதுவோம் என்று எண்ணியிருந்த நாட்களில் அவர் காலமானார்.

இரண்டாவது கணினி பக்கத்திலேயே இருந்தும் எமக்கு உதவாமற் போனது ஏன்? இவ்வினாவை, என்னிடம் முன்னொருகாற் தமிழ் படித்தவரும் இப்பொழுது பெரிய கணினிகளைப் பராமரிப்பவருமாகிய பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "ஐயா, நீங்கள் இரண்டாவது கணினியை வாங்கினீர்கள், திட்டத்தை வாங்கவில்லை" என்றார் அவர். அத்திட்டம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வங்கிக் கணக்கைப் பார்ப்போர்க்கும், பரீட்சைப் பெறுபேற்றைத் தேடுவோர்க்கும், மின்னஞ்சல் அனுப்புவோர்க்கும் மறைவில் நின்று விடையளிக்கும் கணினியைச் சேவையகம் என்பர். ஒரே சேவையை இடையறாது வழங்குதற்பொருட்டுப் பல சேவையகங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது சேவையகக் கொத்து. எளிய கொத்தில் உறுப்புக்கள் இரண்டு. ஒன்று பணி செய்யும். மற்றொன்று விழித்தபடி காத்திருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அவை 'உயிரோடிருக்கின்றேன்' என்னும் சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்ளும். இதனை இதயத்துடிப்பு என்றே பொறியியலாளர் வழங்குவர். துடிப்பு நின்று, குறித்த கால எல்லையும் கடந்துவிட்டால், காத்திருந்த உறுப்பு அச்சேவையைத் தன்னிடத்தே தொடங்கி, சேவையின் முகவரியையும் தனதாக்கிக்கொள்ளும். மக்கள் பழைய முகவரிக்கே வருவர்; விடையளிப்பது வேறொரு பொறி என்பதை அறியார். இங்ஙனம் ஒன்றின் கடமையை மற்றொன்று ஏற்பதனைப் 'பொறுப்பேற்பு' என்று ஈண்டு குறிப்போம்.

இவ்வேற்பாடு புதியதன்று. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டான்டெம் நிறுவனம், ஓர் உறுப்புப் பழுதுற்றாலும் நில்லாது இயங்கும் கணினியை 1976 இல் விற்பனைக்கு விடுத்தது. வங்கிகள் அதனை விரும்பி வாங்கின. 1983 இல் டிஜிற்றல் நிறுவனத்தார் தம்முடைய வாக்ஸ் கணினிகள் பலவற்றைக் கொத்தாகப் பிணைக்கும் முறையை அறிமுகஞ் செய்தனர். அன்று பெரு நிறுவனங்களுக்கே கைகூடிய இம்முறையை, இன்று லினக்ஸ் இயங்குதளமும் விலையின்றிக் கிடைக்கும் பேஸ்மேக்கர், கொறோசிங்க் முதலிய மென்பொருள்களும் கொண்டு சிறிய அலுவலகமொன்றும் அமைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு இடையறாமை வேண்டும் என்பதை முதலிற் கணக்கிட வேண்டும். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்கும் சேவை நல்ல சேவை போலத் தோன்றும். ஆனால், அஃது ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் நின்றுபோகும். 99.9 வீதம் எனின் 8 மணியும் 45 நிமிடமும், 99.99 வீதம் எனின் ஏறத்தாழ 53 நிமிடம், 99.999 வீதம் எனின் ஐந்து நிமிடத்திற்குச் சற்று அதிகம். நள்ளிரவிற் பொறுப்பாளரைத் தொலைபேசியில் எழுப்பி, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினி முன் அமர்வதற்கே ஐந்து நிமிடம் போதாது. ஆகவே, கடைசி அளவை வேண்டுவோர் பொறுப்பேற்பைப் பொறியிடமே ஒப்படைத்தல் வேண்டும். முதலிரண்டு அளவும் போதுமென்போர் மனிதர் கையிலேயே அதனை விட்டுவைக்கலாம். எமது இடாப்புக்கு ஒருநாள் நின்றாலும் கேடில்லை. ஆனால், ஒரு நாட் பதிவும் தொலைதல் ஆகாது. நிற்குங் காலம் எவ்வளவு பொறுக்கலாம், தொலையுந் தரவு எவ்வளவு பொறுக்கலாம் என்பன இரு வேறு வினாக்கள். ஒவ்வொரு சேவைக்கும் இரண்டினையும் வெவ்வேறாகக் கேட்டு விடையெழுதி வைப்பதே திட்டத்தின் முதற் பக்கம்.

இரண்டாவது பக்கம் ஒழுங்கு பற்றியது. சேவை என்பது தனித்து நிற்பதன்று. வட்டு இணைக்கப்பட்ட பின்னரே தரவுத்தளம் எழும். தரவுத்தளம் எழுந்த பின்னரே அதனை நம்பிய மென்பொருள் எழும். யாவும் ஆயத்தமான பின்னரே முகவரி மாறவேண்டும். நிறுத்தும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும். இதனை எழுதி வைக்காவிடிற் பொறி தனக்குத் தோன்றிய ஒழுங்கில் எழுப்பும். கதவு திறந்திருக்கும், உள்ளே ஆளிருக்காது. சுமையும் நோக்கற்பாலது. இரண்டு சேவையகங்களும் பணி செய்யும் கொத்தில் ஒவ்வொன்றும் தன் வலிமையிற் பாதிக்கு மேற் சுமத்தலாகாது. மூன்று இருப்பின் மூன்றில் இரண்டு பங்கே எல்லை. அன்றேல், ஒன்று வீழ்ந்தவுடன் அதன் பாரத்தைத் தாங்கமாட்டாது மற்றதும் வீழும்.

மூன்றாவது பக்கம் தரவு பற்றியது. பொறுப்பேற்கும் பொறியிடம் பழைய பொறியின் தரவு முழுவதும் இருத்தல் வேண்டும். இதற்கு ஒரு வழி, இரண்டும் ஒரே வட்டுத் தொகுதியைப் பகிர்ந்துகொள்வது; அவ்வட்டுத் தொகுதி பழுதானால் இரண்டுமே நிற்கும். மற்றொரு வழி, தரவை உடனுக்குடன் படியெடுப்பது. படியெடுத்தலும் இரு வகைத்து. இரண்டாவது பொறியும் எழுதி முடித்தது என்ற உறுதி வந்த பின்னரே 'ஆயிற்று' என்று விடையளிப்பது ஒன்று. முதற் பொறி எழுதியவுடனே விடையளித்துவிட்டு, படியைப் பின்னர் அனுப்புவது மற்றொன்று. முன்னையது தரவைக் காக்கும். ஆனால் தாமதம் மிகும். பின்னையது விரைவானது, ஆனால் அனுப்பப்படாது நின்ற சில விநாடித் தரவு விபத்தின்போது தொலையக்கூடும். இரண்டினுள் எதனை எதன்பொருட்டு விட்டுக்கொடுக்கின்றோம் என்பதை விபத்துக்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது பக்கமே இத்திட்டத்தின் மிகக் கடினமான பகுதி. இதயத்துடிப்புக் கேட்கவில்லை என்பதனால் அப்பொறி இறந்துவிட்டது என்று கொள்ளலாமா? வகுப்பாசிரியர் ஒருவர் பாடவேளை தொடங்கியும் வந்திலர். அதிபர் பதிலாசிரியரை அனுப்புகின்றார். அவர் கரும்பலகையிற் பாடத்தைத் தொடங்கிய பின்னர், பஸ் தாமதித்தமையாற் பிந்திய வகுப்பாசிரியரும் மற்றைக் கதவால் வந்து எழுதத் தொடங்குகின்றார் என்று கொள்ளுவோம். மாணாக்கர் எதனை எழுதுவர்? வகுப்பில் இஃது ஒரு நிமிடச் சிரிப்போடு முடியும். தரவுத்தளத்தில் அவ்வாறு முடியாது. இரண்டு பொறிகளும் தாமே தலைவர் என்று எண்ணித் தனித்தனியே எழுதத் தொடங்கினால், ஒரே கணக்கிற்கு இரண்டு மீதிகள் உண்டாகும். பஞ்சதந்திரக் கதையில் வரும் இருதலைப் பறவையின் தலைகள் ஒன்றோடொன்று பிணங்கி இரண்டும் மாண்டது போன்ற நிலை இது.

இதனைத் தடுக்கும் வழிகள் இரண்டு. அவை இரண்டுமே எம்மவர்க்குப் புதியனவல்ல. முதலாவது, கூட்ட நடப்பெண். சங்கக் கூட்டத்திற் குறித்த தொகையினர் வந்தாலன்றித் தீர்மானம் செல்லாது. கொத்திலும் அவ்வாறே உறுப்புக்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஒன்றையொன்று காணும் பக்கமே தலைவரைத் தெரியலாம். சிறுபான்மைப் பக்கம் பணியை நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று உறுப்புக்கள் இருப்பின் இரண்டு போதும். ஐந்து இருப்பின் மூன்று போதும். நான்கு இருப்பின் மூன்று வேண்டும் ஆதலின், நான்காவதனால் இவ்வகையில் மேலதிகப் பயனில்லை. ஒற்றைப்பட எண்ணிக்கையை விரும்புவதன் காரணம் இதுவே. இரண்டே உறுப்புக்கள் உள்ள கொத்திற் பெரும்பான்மை என்பது இல்லையாதலின், சேவை எதுவும் செய்யாது சாட்சியாக மட்டும் நிற்கும் மூன்றாவது ஒன்றை வேறிடத்தில் வைப்பர்.

இரண்டாவது வழி வேலியடைத்தல். பொறியியலாளரும் இதனை வேலி என்றே வழங்குவர். பேச்சு மூச்சற்ற உறுப்பு உண்மையில் இறந்ததா, உறங்குகின்றதா என்று ஆராய்ந்துகொண்டிராமல், அதன் மின்வழங்கலைத் தொலைவிலிருந்தே துண்டித்து, அல்லது வட்டை அது தொடமுடியாதவாறு செய்து, பின்னரே பொறுப்பை ஏற்பது. காணிக்கு எல்லை வேலியை உறுதியாக அடைத்த பின்னரே பயிரிடத் தொடங்குவது போன்றது இது. கடுமையான செயலெனினும், இதனைச் செய்யாது ஏற்கப்படும் பொறுப்புப் பொறுப்பன்று, ஊகமே.

இவையாவும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணற்க. உலகெங்குமுள்ள நிரலாக்குநர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் களமாகிய கிற்ஹப்புக்கு 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி நேர்ந்ததை அந்நிறுவனத்தாரே விரிவாக எழுதி வெளியிட்டனர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அவர்களுடைய முதன்மைத் தரவு நிலையம் இருந்தது. பழுதடைந்துகொண்டிருந்த ஒளியிழை வலையமைப்புக் கருவி ஒன்றை மாற்றும் வழமையான பராமரிப்பு வேலையின்போது, அந்நிலையத்திற்கும் வலையமைப்பு மையத்திற்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. அறுந்திருந்த நேரம் 43 விநாடி மட்டுமே.

ஆனால் அதற்குள்ளேயே பொறுப்பேற்பு மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. துண்டிக்கப்பட்ட நிலையத்திற்கு வெளியே, மேற்குக் கரையிலும் பிறிதோரிடத்திலும் இருந்த அதன் உறுப்புக்கள் கூட்ட நடப்பெண்ணை எய்தி, மேற்குக் கரைத் தரவுத்தளங்களைத் தலைமைக்கு உயர்த்தின. விதியின்படி அது பிழையன்று. தொடர்பு மீண்டவுடன் எழுத்துக்கள் யாவும் மேற்கே செல்லத் தொடங்கின. ஆயினும், தொடர்பு அறுந்த சிறு பொழுதிற் கிழக்கே எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கை அடைந்திருக்கவில்லை. மேற்கே புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. இரண்டு ஏடுகளும் பிரிந்துவிட்டன. எதனையும் எறிந்துவிட மனமின்றி, காப்புப்படிகளிலிருந்து தரவுத்தளங்களை மீளக் கட்டி, பிரிந்தவற்றை ஒழுங்குபடுத்தினர். மேலும், கிழக்கே இருந்த மென்பொருள்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்டத்தின் மறு கரைக்குச் சென்று மீளவேண்டியிருந்ததால் அவை தளர்ந்து நின்றன. சேவை முற்றாகச் சீரடைய 24 மணியும் 11 நிமிடமும் சென்றன. தரவைக் காப்பதற்காக வேகத்தை விட்டுக்கொடுத்தோம் என்று அவர்கள் எழுதினர். அது நேர்மையான விடை.

43 விநாடி பொறுத்திருந்தால் ஒரு நிமிடத் தடையோடு முடிந்திருக்கும். மென்பொருள் யாருக்குத் தலைமை என்பதைச் சரியாகவே தீர்மானித்தது. புதிய தலைவனிடம் ஏடு முழுவதும் உண்டா, அவன் அத்துணைத் தொலைவிலிருந்து பணி செய்ய வல்லனா என்று கேட்குமாறு அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. பின்னர், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தலைமை தானாக மாறாதவாறு அதனைத் திருத்தினர். சில பொறுப்பேற்புகள் மனிதர் ஒருவர் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே நிகழவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஐந்தாவது, காவலனும் காக்கப்படுவதும் ஒரே குறையை உடையனவாயிருத்தல் ஆகாது. 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆந் திகதி ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஏரியன் 5 ஏவுகணை முதன்முறையாக ஏவப்பட்டது. அதன் திசையறி கருவி இரண்டாக வைக்கப்பட்டிருந்தது. ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பேற்கும். ஆனால், இரண்டிலும் ஒரே மென்பொருள். ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துள் அடக்க முயன்றதால் எழுந்த வழுவினாற் காத்திருந்த கருவி முதலில் நின்றது. 72 மில்லிவிநாடியின் பின் பணி செய்த கருவியும் அதே வழுவினால் நின்றது. முதற் கருவி பொறுப்பை ஒப்படைக்க முயன்றபோது ஏற்பதற்கு எவருமில்லை. ஏவுகணை எழும்பி ஒரு நிமிடம் ஆகுமுன்னரே திசை மாறிச் சிதறிற்று. எமது இரண்டு கணினிகளும் ஒரே மின்பலகையிற் செருகப்பட்டிருந்ததை இவ்வரலாற்றைப் படித்த பின்னரே யான் கவனித்தேன்.

ஆறாவது, ஒத்திகை. 2017 ஆம் ஆண்டு சனவரி 31 ஆந் திகதி கிற்லாப் நிறுவனத்திற் களைப்புற்றிருந்த பொறியியலாளர் ஒருவர், படியாக இருந்த சேவையகத்தில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சேவையகத்தில் அழித்துவிட்டார். தவறை ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப்படி எடுப்பதற்குப் பல வழிகள் வைத்திருந்தனர். தேடியபோது, முதன்மையான வழி மென்பொருட் பதிப்பு ஒவ்வாமையாற் செயலற்றிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த படியொன்றே கைகொடுத்தது. அதன் பின்னரான ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. இதனைப் படித்தபோது எமது கடவுச்சொற் கதை எனக்கு நினைவு வந்தது. பொறுப்பேற்கும் பொறி காப்புப்படிக்கு ஈடாகாது என்பதும் இங்கே பெறப்படும். முதற் பொறியில் நாம் பிழையாக அழிப்பதை அது விசுவாசமாகத் தானும் அழித்துவிடும்.

நெற்பிளிக்ஸ் நிறுவனத்தார் ஒத்திகைக்கு வேடிக்கையான வழியொன்றைக் கண்டனர். பணி நடக்கும் வேளையிலேயே தம் சேவையகங்களில் ஏதாவதொன்றை எழுந்தமானமாக நிறுத்திவிடும் மென்பொருளை அமைத்து, அதற்குக் குழப்பக் குரங்கு என்று பெயருமிட்டு, 2012 இல் அதன் நிரலை யாவர்க்கும் வெளியிட்டனர். பொறியியலாளர் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் பகலில் நேரும் சிறு வீழ்ச்சிகள், நள்ளிரவில் நேரும் பெருவீழ்ச்சிக்குப் பயிற்சியாகும். யாம் குரங்கு வளர்க்க வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒருநாள் முதற் கணினியை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டாவது எழுகின்றதா, அதிலுள்ள இறுதிப் பதிவு எத்திகதிக்குரியது, பழுது தீர்ந்தபின் பணியை முதற் கணினிக்கு மீளக் கொடுப்பது எவ்வாறு என்று பார்த்தாற் போதும். மீளக் கொடுத்தலைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இப்பொழுது எமது காரியாலயத்தில் அவ்வாறே செய்கின்றோம். இரண்டு கணினிகளும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு மின்னிணைப்பில் இருக்கின்றன. மூன்றாவது படியொன்று வாரந்தோறும் வெளியே செல்கின்றது. பொறுப்பேற்பைப் பொறியிடம் விடவில்லை. ஒரு தாளில் ஒழுங்காக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் அத்தாளைப் பார்த்து முதற் கணினியை நிறுத்தி, இரண்டாவதிற் பணியைத் தொடங்கி, இறுதிப் பதிவின் திகதியை ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். முதன்முறை அவர்களுக்கு இரண்டு மணி நேரம் சென்றது. சென்ற மாதம் பதினைந்து நிமிடத்தில் முடித்தனர். அவர்கள் கல்லூரியை விட்டுச் செல்லுமுன் அடுத்த இருவருக்குப் பழக்கிவிட்டே செல்லவேண்டும் என்பதும் அத்தாளில் எழுதப்பட்டுள்ளது.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இழந்த குறிப்புக்களை மீண்டும் திரட்டத் தொடங்கியுள்ளோம். உங்களுடன் ஒரே வாங்கில் இருந்தவர் யார், அவர் பின் என்னவானார் என்பன உங்களுக்கே தெரியும். எழுதி அனுப்புங்கள், அன்றேல், அழைத்துச் சொல்லுங்கள். இம்முறை அவை ஓரிடத்தில் மட்டும் இரா.